கோர்ட்ல மீடியேஷனுக்கு அனுப்பிட்டாங்களா? உள்ள என்ன நடக்கும், எப்படி தயாராகணும்

ஃபேமிலி கோர்ட்லயோ சப் கோர்ட்லயோ கேஸ் ஓடிட்டு இருக்கும், ஒரு வாய்தால ஜட்ஜ் திடீர்னு "இத மீடியேஷனுக்கு அனுப்புறேன், இந்தத் தேதிக்கு ரெண்டு தரப்பும் சென்டர்ல ஆஜராகுங்க"ன்னு சொல்லிடுவாங்க. வெளிய வந்து வக்கீல கேட்டா அவரும் அடுத்த கோர்ட்டுக்கு ஓடுற அவசரத்துல "போய்ட்டு வாங்க, கூப்ட்டு பேசுவாங்க, அவ்ளோதான்"ம்பாரு. அத நம்பி கைய வீசிக்கிட்டு போறவங்க தான் ஜாஸ்தி. எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம், ஏன்னா வருஷக்கணக்கா இழுக்குற ஒரு கேஸ சில உக்காரல்லயே முடிக்கிற வாய்ப்பு அது, ஆனா தயாரா போறவங்களுக்கு தான் அது கைகூடுது. கட்சிக்காரங்க பக்கத்துல வக்கீலா உக்காந்து பார்த்தத வெச்சு இத எழுதுறேன், தமிழ்நாட்டு கோர்ட் நடைமுறைய மனசுல வெச்சு தான் சொல்றேன்.

முதல்ல ஒரு பயத்த எடுத்துடலாம். மீடியேஷன்னா யாரோ ஒரு பெரியவர் உக்காந்து "நீ இவ்ளோ குடு, நீ இத விட்டுடு"ன்னு தீர்ப்பு சொல்றது கிடையாது. அப்படி சொன்னா அது பஞ்சாயத்து. மீடியேட்டர், தமிழ்ல சமரசர்னு சொல்வாங்க, அவருக்கு எந்த முடிவும் எடுக்குற அதிகாரம் இல்ல. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா தான் அங்க ஏதாவது நடக்கும், ஒத்துக்கலைன்னா கேஸ் இருந்த இடத்துக்கே திரும்பிடும். சமரசர்கள்ல பெரும்பாலும் 40 மணி நேர பயிற்சி முடிச்ச வக்கீல்கள், ரிட்டயர்டு ஜட்ஜுங்க இருப்பாங்க. உங்க கேஸ நடத்துற ஜட்ஜ் அங்க வரமாட்டார்.

இந்த விஷயத்துல நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சிவில் நடைமுறைச் சட்டத்துல 89ஆவது பிரிவ புதுசா சேர்த்து 2002 ஜூலைல அமலுக்கு கொண்டு வந்தாங்க, கோர்ட்டே கேஸ சமரசத்துக்கு அனுப்பலாம்னு. ஆனா எங்க அனுப்புறது? அதுக்கான இடத்த முதல்ல உருவாக்குனது சென்னை ஹைகோர்ட் தான், 2005 ஏப்ரல் 9 அன்னிக்கு தமிழ்நாடு சமரச தீர்வு மையத்த ஹைகோர்ட் வளாகத்துலயே தொடங்கினாங்க. இந்தியாவுலயே கோர்ட்டோட சேர்ந்த முதல் மையம் அது. இப்போ மாவட்ட கோர்ட் வளாகங்கள்லயும் இருக்கு. கோர்ட் மூலமா அனுப்புற கேஸுக்கு நீங்க சமரசருக்கு ஃபீஸ் எதுவும் குடுக்க வேண்டாம்.

எந்த கேஸ் போகும், எது போகாது

2010ல ஆஃப்கான்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா பிரிச்சு சொல்லிடுச்சு. குடும்பத் தகராறு, பாகப்பிரிவினை, பக்கத்து வீட்டுக்காரங்களோட வரப்பு வாய்க்கா சண்டை, வீட்டு ஓனர் வாடகைதாரர் பிரச்சனை, பார்ட்னர்ஷிப், கடன், ஆக்சிடென்ட் நஷ்டஈடு, கன்ஸ்யூமர் பிரச்சனை எல்லாம் சமரசத்துக்கு ஏத்தது. தேர்தல் வழக்கு, உயில கோர்ட்ல உறுதிப்படுத்துற புரொபேட் கேஸ், ஃபோர்ஜரி, ஃப்ராடுன்னு கடுமையா குற்றச்சாட்டு இருக்குறது, ஊர்ப் பொதுவுக்காக போட்ட கேஸ் இதெல்லாம் ஏத்தது இல்ல. செக் பவுன்ஸ் கேஸையும் சமரசத்துல முடிக்கலாம், சீக்கிரமா முடிச்சா நல்லது, லேட்டாக ஆக அதுக்குன்னு செலவுத்தொகை கட்டச் சொல்வாங்க. வியாபாரத் தகராறுன்னா இன்னும் ஒரு படி மேல, 3 லட்சமும் அதுக்கு மேலயும் மதிப்புள்ள கமர்ஷியல் கேஸ்ல அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படலைன்னா, கேஸ் போடுறதுக்கு முன்னாடியே மீடியேஷன் போயாகணும், போகாம போட்டா பிளெயின்டையே, அதாவது வழக்கு மனுவையே, நிராகரிச்சுடுவாங்க. 2022ல சுப்ரீம் கோர்ட் அத உறுதியா சொல்லிடுச்சு.

குடும்ப கேஸ்ல ஃபேமிலி கோர்ட் சட்டமே, 1984லயே, சமரச முயற்சி பண்றது கோர்ட்டோட கடமைன்னு சொல்லுது. 2013ல ஸ்ரீனிவாஸ் ராவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போய், வரதட்சணைக் கொடுமை புகார்கள்ல கூட சமரசத்துக்கு வாய்ப்பு இருந்தா பாக்கணும்னு சொல்லுச்சு.

இங்க நான் ஒண்ணு அழுத்திச் சொல்லணும். வீட்ல அடி உதை நடக்குது, உயிருக்கு பயம் இருக்குன்னா முதல் வேலை மீடியேஷன் இல்ல. குடும்ப வன்முறைச் சட்டம் 2005 கீழ பாதுகாப்பு உத்தரவு வாங்குங்க, பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க, பாதுகாப்பான இடத்துல இருங்க. அதுக்கப்புறம் பணம், பசங்க விஷயத்த பேச சமரசம் உதவலாம். அவர் எதிர்ல உக்காந்தா எனக்கு வாயே வராதுன்னு இருந்தா அத சமரசர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, ரெண்டு பேரையும் தனித்தனியா வெச்சே பேச முடியும், ஒருத்தர் கிளம்பி கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொருத்தர அனுப்பவும் கேக்கலாம். மகளிர் காவல் நிலையத்துல கூப்பிட்டு வெச்சு "சேர்ந்து வாழுங்க"ன்னு எழுதி வாங்குறாங்களே, அது நான் இங்க சொல்ற மீடியேஷன் இல்ல, அந்த எழுத்துக்கு கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) மாதிரி பலம் கிடையாது.

போறதுக்கு முன்னாடி வீட்ல உக்காந்து செய்ய வேண்டியது

பாதி வேலை இங்க தான். ஒரு வெள்ளை பேப்பர எடுங்க, உங்களுக்கு நிஜமாவே என்ன வேணும்னு எழுதுங்க. பெட்டிஷன்ல வக்கீல் என்ன கேட்டிருக்காருன்னு இல்ல, ரெண்டு வருஷம் கழிச்சு உங்க வாழ்க்கை எப்படி இருக்கணும், எங்க குடியிருக்கணும், மாசம் எவ்ளோ இருந்தா குடும்பம் ஓடும், பசங்க எந்த ஸ்கூல், அந்த மாதிரி. அப்புறம் எது இல்லாம முடியவே முடியாது, எதுல கொஞ்சம் முன்ன பின்ன போகலாம்னு பிரிங்க. இத உங்க வக்கீல்கிட்ட மட்டும் காட்டுங்க.

அடுத்தது, சமரசம் ஆகலைன்னா என்ன ஆகும்னு கணக்கு போடுங்க, இத யாருமே பண்றதில்ல. பாகப்பிரிவினை கேஸையே எடுத்துக்கோங்க. கேஸ் ஜெயிச்சா நிலம் கைக்கு வந்துடும்னு நினைக்கிறீங்க. முதல்ல வர்றது பிரிலிமினரி டிகிரி, அதுல உங்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு தான் இருக்கும், எந்த மூணுல ஒண்ணுன்னு இருக்காது. அப்புறம் ஃபைனல் டிகிரிக்கு தனி மனு போடணும், அட்வகேட் கமிஷனர் வருவார், சர்வேயரோட அளப்பார், ரிப்போர்ட் போடுவார், அதுக்கு எதிர் தரப்பு அப்ஜெக்‌ஷன் போடும். அதுக்கப்புறம் ஈ.பி., அதாவது டிகிரிய நிறைவேத்தச் சொல்லி ஒரு மனு, போட்டு சுவாதீனம் எடுக்கணும். நடுவுல முதல் அப்பீல், ஹைகோர்ட்ல செகண்ட் அப்பீல். அப்பா காலத்துல போட்ட கேஸ புள்ளைங்க வாரிசா (எல்.ஆர்.) சேர்ந்து நடத்துறது நம்ம ஊர் கோர்ட்ல ரொம்ப சாதாரணம். உங்க வக்கீல்கிட்ட நேராவே கேளுங்க, "சார், ஜெயிக்க எவ்ளோ வாய்ப்பு, எத்தனை வருஷம், மொத்தமா எவ்ளோ செலவு, ஜெயிச்சாலும் கைல எப்ப வரும்". நல்ல வக்கீல் மறைக்காம சொல்வார். அந்த பதில் தெரிஞ்சா தான் எதிர் தரப்பு சொல்ற ஒரு தொகை உங்களுக்கு லாபமா நஷ்டமான்னு அந்த ரூம்ல உக்காந்து முடிவு பண்ண முடியும்.

பேப்பர் விஷயம். சொத்து கேஸ்னா தாய்ப்பத்திரம், பட்டா, எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நிலத்தோட அளவு வரைபடம்), புதுசா எடுத்த வில்லங்கச் சான்று, லோன் பாக்கி ஸ்டேட்மென்ட், ஏரியால இப்போ என்ன ரேட் போகுதுன்னு ஒரு அந்தாசு. குடும்ப கேஸ்னா சம்பள ஸ்லிப், ஐ.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, நகை சீர் லிஸ்ட். நகை விஷயத்துல தான் பெரும்பாலும் நாள் வீணாகுது, "45 பவுன் போட்டோம்" "இல்ல 30 தான்"னு ஆரம்பிச்சா அன்னிக்கு சாயந்திரம் வரைக்கும் அதே பேச்சு தான். கல்யாண ஃபோட்டோ, கடை பில், பேங்க் லாக்கர் விவரம், அடமான ரசீது எது இருந்தாலும் எடுத்துட்டு போங்க. ஆரம், நெக்லஸ், வளையல்னு ஒவ்வொண்ணா எழுதி எது யாருகிட்ட இருக்கு, எது அடகுல இருக்கு, எது வித்தாச்சுன்னு எதிர்ல குறிச்சு வெச்சா சண்டை பாதியா குறையும்.

யார கூட்டிட்டு போறது? பேச்ச முடிக்கிற அதிகாரம் உள்ளவங்க வரணும். அம்மா பேர்ல சொத்து இருக்கும், பையன் மட்டும் வந்து "அம்மாவ கேட்டு சொல்றேன்"ம்பார், அன்னிக்கு பொழுது போச்சு. வெளிநாட்ல இருந்தா அவங்க பவர் எழுதிக் குடுத்த ஆள் வரலாம், வீடியோ கால்ல பேச அனுமதி கேட்டும் பாக்கலாம். ஒத்தாசைக்கு ஒருத்தர் போதும், கேட்டு புரிஞ்சுக்குற குணம் உள்ளவங்களா. வேன் பிடிச்சு சித்தப்பா பெரியப்பா எல்லாரும் வந்து வராண்டால நின்னா உள்ள பேசி முடிச்சது வெளிய வந்த உடனே உடைஞ்சுடும்.

இன்னொன்னு, மீடியேஷனுக்கு அனுப்பிட்டாங்கன்னு உங்க இடைக்கால மனுவ மறந்துடாதீங்க. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டிருக்கீங்க, அல்லது சொத்த விக்கக்கூடாதுன்னு இன்ஜங்ஷன் கேட்டிருக்கீங்கன்னா, பேச்சு நடக்குற வரைக்கும் மாசம் இவ்ளோ குடுக்கணும், சொத்து இப்ப இருக்குற நிலையிலயே இருக்கணும்னு உத்தரவோ, எழுத்துல ஒரு உறுதியோ வாங்கிட்டு அப்புறம் போங்க. பேச்சு நடக்குதுன்னு சொல்லியே நாள் கடத்தி நடுவுல சொத்த வித்துடுற ஆளுங்களும் இருக்காங்க. அதே மாதிரி கேஸே போடாம வெளிய பேசிட்டு இருக்கீங்கன்னா லிமிடேஷன், அதாவது கேஸ் போடுறதுக்கான காலக்கெடு, ஓடிட்டே இருக்கும், பிராமிசரி நோட் பணத்துக்கு 3 வருஷம் தான், சொந்தக்காரன் "அடுத்த தை மாசம் தர்றேன்"னு சொல்றத நம்பி அந்த தேதிய தாண்ட விட்டுடாதீங்க.

அந்த ரூம்ல நடக்குறது

போன உடனே சமரசர் தன்ன அறிமுகப்படுத்திக்கிட்டு விதிகள சொல்வார். ஒருத்தர் பேசும்போது குறுக்க பேசக்கூடாது, திட்டக்கூடாது, இங்க பேசுறது எதுவும் வெளிய போகாது. கடைசில சொன்னேனே, அது தான் முக்கியம். நீங்க "10 லட்சம்னா ஒத்துக்குறேன்"னு அங்க சொன்னத எதிர் தரப்பு நாளைக்கு கோர்ட்ல எடுத்து காட்ட முடியாது, சமரசர சாட்சி கூண்டுல ஏத்தவும் முடியாது. முடியலைன்னா சமரசர் கோர்ட்டுக்கு அனுப்புற ரிப்போர்ட்ல "சமரசம் ஏற்படவில்லை"ன்னு மட்டும் தான் இருக்கும், யாரு முரண்டு புடிச்சாங்கன்னு எழுதக் கூடாது, 2010ல மோதி ராம் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத சொல்லியிருக்கு. அதனால அங்க மனசு விட்டு பேசலாம். ஃபோன்ல ரெக்கார்ட் மட்டும் பண்ணாதீங்க, அது தெரிஞ்சா அப்புறம் யாரும் வாய திறக்க மாட்டாங்க.

முதல்ல ரெண்டு தரப்பும் சேர்ந்து உக்காந்து அவங்கவங்க கதைய சொல்வாங்க. இங்க ஒரு டிப்ஸ், பழைய கதைய பத்து நிமிஷத்துக்குள்ள முடிங்க. கோவம் வரும், அழுகை வரும், வரட்டும், சமரசருக்கு அது பழக்கம் தான். ஆனா எதிர் தரப்ப பாத்து பேசாம சமரசர பாத்து பேசுங்க.

அதுக்கப்புறம் தனித்தனியா கூப்பிடுவாங்க. மீடியேஷனோட உயிரே இந்த தனிப் பேச்சுல தான் இருக்கு. அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன், ரெண்டு மூணு கேஸ ஒண்ணாக்கி, ஊர் பேர் இல்லாம. அண்ணன் தங்கச்சி, அப்பா விட்டுட்டு போன தோட்டம், நடுவுல ஒரு கிணறு, அண்ணன் பேர்ல இலவச கரண்ட் கனெக்‌ஷன். தங்கச்சி பாகம் கேட்டு கேஸ். சேர்ந்து உக்காந்தப்போ ரெண்டு பேரும் சென்ட் கணக்குலயே சண்டை போட்டாங்க, மேற்கு பக்கம் ரோடு இருக்கு அது எனக்கு தான், இல்ல எனக்கு தான்னு. தனியா கூப்பிட்டப்போ தங்கச்சி சொன்னாங்க, "என் பொண்ணு சடங்குக்கு இவரு தாய்மாமன் சீர் கொண்டு வரல சார், பந்தல்ல எல்லாரும் எங்க மாமான்னு கேட்டாங்க, அன்னிக்கு தான் கேஸ் போடணும்னு முடிவு பண்ணேன்". அண்ணன தனியா கூப்பிட்டா அவரு வேற சொல்றாரு, நிலத்து மேல சொசைட்டில கடன் வாங்கிட்டாரு, சடங்கு நேரத்துல கையில காசே இல்ல, தங்கச்சிக்கு கடன் விஷயம் தெரிஞ்சா என்ன நினைக்கும்னு பயந்து போகாமலே இருந்துட்டாரு. ரெண்டு பேரும் இத சமரசர்கிட்ட மட்டும் தான் சொன்னாங்க. அவரு தனித்தனியா கேட்டாரு, "இத நான் அவங்ககிட்ட சொல்லலாமா?" சம்மதம் குடுத்தாங்க. நீங்க சரின்னு சொல்லாம தனிப் பேச்சுல சொன்னத அவர் எதிர் தரப்புக்கு சொல்லவே மாட்டார், அதனால தான் இதெல்லாம் வெளிய வருது. அதுக்கப்புறம் சேர்ந்து உக்காந்தப்போ பேச்சோட தொனியே மாறிடுச்சு. கடன் அண்ணன் பங்குல போகணும், கிழக்கு பாதி தங்கச்சிக்கு, ரோட்டுலேர்ந்து 12 அடி வண்டிப் பாதை ரெண்டு பேருக்கும் பொது, கிணத்துத் தண்ணி மூணு நாள் இவருக்கு மூணு நாள் அவங்களுக்கு, மோட்டார் ரிப்பேர் செலவு பாதி பாதி. எந்த ஜட்ஜும் டிகிரில மோட்டார் ரிப்பேர் பத்தி எழுத மாட்டாங்க, கேஸ்ல அது கேக்கப்படவே இல்லையே.

இத சொல்லும்போது இதையும் சேர்த்து சொல்லணும். பாசம் பேசி பொண்ணுங்க பங்க எழுதி வாங்குறது நம்ம ஊர்ல நடக்குது. "சீர் செஞ்சோம், நகை போட்டோம், அப்புறம் எதுக்கு பாகம்"னு கேப்பாங்க. தமிழ்நாட்டுல இந்து குடும்பங்கள்ல 1989லேர்ந்தே பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கு சம பங்கு சட்டம் வந்துடுச்சு, அப்போ ஏற்கனவே கல்யாணம் ஆனவங்கள விட்டுட்டாங்க, 2005 மத்திய சட்டத்திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துடுச்சு, 2020ல வினீதா சர்மா கேஸ்ல அப்பா 2005ல உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லைன்னும் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. உங்க உரிமை என்னன்னு முழுசா தெரிஞ்சு, அதுக்கப்புறம் அண்ணனுக்காக கொஞ்சம் விட்டுக்குடுக்குறீங்கன்னா அது உங்க விருப்பம். தெரியாமலே, பங்க விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடாதீங்க. வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல இலவசமா வக்கீல் குடுப்பாங்க, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானமே பாக்க மாட்டாங்க, 15100க்கு ஃபோன் பண்ணியும் கேக்கலாம்.

ஒரே உக்காரல்ல முடியணும்னு இல்ல. அன்னிக்கு ஒரு தொகை சொன்னா உடனே சரின்னோ முடியாதுன்னோ சொல்ல வேண்டாம், "யோசிச்சு அடுத்த உக்காரல்ல சொல்றேன்"னு தாராளமா சொல்லலாம். சமரசர் ஒரு பக்கமா சாயுறார்னு தோணுச்சுன்னா உங்க வக்கீல் மூலமா சென்டர்ல சொல்லி வேற ஆள் கேக்கலாம். இதெல்லாம் உங்க உரிமை, கூச்சப்படாதீங்க.

எழுதுற கட்டம், இங்க தான் கவனம் வேணும்

ஒத்துப்போயாச்சு, எல்லாருக்கும் நிம்மதி, சாயந்திரம் ஆச்சு, சீக்கிரம் கையெழுத்து போட்டுட்டு பஸ் புடிக்கணும். அந்த அவசரத்துல எழுதுன ஒப்பந்தம் தான் பின்னாடி திரும்ப கேஸா வருது. நான் பார்த்ததுல மீடியேஷன் தோத்து போறத விட, நல்லா முடிஞ்சு எழுத்துல கோட்டை விட்டது தான் அதிக வேதனை. "நியாயமான தொகை", "கூடிய சீக்கிரம்", "வசதிப்படும்போது" இந்த மாதிரி வார்த்தை ஒண்ணு கூட இருக்கக்கூடாது. எவ்ளோ, எந்தத் தேதி, டிடியா பேங்க் டிரான்ஸ்ஃபரா, எந்த அக்கவுண்ட், குடுக்கலைன்னா எவ்ளோ வட்டி, எல்லாம் எண்ணுலயும் எழுத்துலயும் இருக்கணும்.

மியூச்சுவல் டைவர்ஸ்னு முடிவாச்சுன்னா ரொம்ப கவனம். இந்து திருமணச் சட்டம் 13பி படி ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், மனு போட்டு சாதாரணமா 6 மாசம் கழிச்சு திரும்ப ரெண்டு பேரும் வந்து சம்மதம் சொல்லணும், ஏற்கனவே ரொம்ப நாளா பிரிஞ்சு இருக்கீங்க, எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னா அந்த 6 மாசத்த தள்ளுபடி பண்ண கேக்கலாம், 2017ல அமர்தீப் சிங் கேஸ்ல அதுக்கு வழி பண்ணாங்க. கிறிஸ்தவங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேற சட்டம், அத தனியா கேட்டுக்கோங்க. விஷயம் என்னன்னா, கடைசி உத்தரவு வர்றதுக்குள்ள ஒருத்தர் சம்மதத்த வாபஸ் வாங்கிட முடியும். அதனால மொத்த பணத்தையும் முதல் நாளே குடுக்குறதும் தப்பு, மொத்தத்தையும் கடைசிக்கு வைக்கிறதும் தப்பு. மனு தாக்கல் அன்னிக்கு ஒரு பகுதி, நகையும் சீர் சாமானும் லிஸ்ட் போட்டு ஒரு குறிப்பிட்ட தேதில, மீதி பணம் ரெண்டாவது முறை ஆஜராகிற அன்னிக்கு கோர்ட்லயே டிடி, இப்படி பிரிச்சு எழுதுங்க.

ரெண்டு பேருக்கு நடுவுல இருக்குற எல்லா கேஸையும் நம்பரோட எழுதணும், டைவர்ஸ் மனு, ஜீவனாம்ச கேஸ், குடும்ப வன்முறை மனு, ஸ்டேஷன்ல போட்ட எஃப்.ஐ.ஆர்., எது எந்தத் தேதிக்குள்ள யாரு வாபஸ் வாங்கணும்னு. இதுல வரதட்சணைக் கொடுமை கேஸ, பழைய 498ஏ, இப்போ பாரதிய நியாய சன்ஹிதால 85, சமாதானம் ஆயிட்டோம்னு கீழ் கோர்ட்ல சொல்லி முடிக்க முடியாது. ஹைகோர்ட்ல, நம்ம தென் மாவட்டங்கள்னா மதுரை கிளைல, ரத்து பண்ண மனு போடணும், அதுக்கு மனைவி தரப்பு வந்து ஆட்சேபம் இல்லைன்னு சொல்லணும். அந்த ஒத்துழைப்பையும், போக்குவரத்து வக்கீல் செலவு யாருதுன்றதையும் ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க.

பசங்க விஷயத்துல "அப்பா அடிக்கடி வந்து பாக்கலாம்"னு எழுதுனா அடுத்த மாசமே சண்டை. எந்த ஞாயித்துக்கிழமை, எத்தனை மணிக்கு, எங்க வந்து கூட்டிட்டு போகணும், யாரு திருப்பி கொண்டு வந்து விடணும், பொங்கல் யாரு கூட தீபாவளி யாரு கூட, மே லீவுல எத்தனை நாள், வாரத்துல எப்போ வீடியோ கால், ஸ்கூல் ஃபீஸ் யாரு, காய்ச்சல்னா யாரு யாருக்கு சொல்லணும், பாஸ்போர்ட் யாருகிட்ட, இவ்ளோவும் எழுதுங்க. குழந்தை கொஞ்சம் பெரிசா இருந்தா அதுக்கு எது வசதின்னு கேளுங்க, ஆனா சென்டருக்கு இழுத்துட்டு வந்து "சொல்லு, உனக்கு அம்மா வேணுமா அப்பா வேணுமா"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்குற கொடுமைய தயவுசெஞ்சு பண்ணாதீங்க. குழந்தை சம்பந்தமா நீங்க எழுதுறத பின்னாடி குழந்தை நலனுக்காக கோர்ட் மாத்த முடியும், அதையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

சொத்துன்னா சர்வே நம்பர், நாலு எல்லை, அளவு, முடிஞ்சா சர்வேயர் போட்ட ஸ்கெட்ச்ச இணைச்சு அதுலயும் எல்லாரும் கையெழுத்து போடுங்க. மைனர் பங்கு இருந்தா கோர்ட் அனுமதி இல்லாம கார்டியன் மட்டும் ஒத்துக்கிட்டா செல்லாது. இன்னொரு முக்கியமான விஷயம், கேஸ்ல இருக்குற சொத்த பத்தி சமரசம் ஆகி டிகிரி வந்தா அது சாதாரணமா பதிவுச் சட்டத்துல கட்டாயப் பதிவுக்குள்ள வராது, ஆனா கேஸ்ல இல்லாத வேற ஒரு மனைய பேச்சுல சேர்த்து எழுதியிருந்தா அதுக்கு பதிவு பண்ணியே ஆகணும். இத கவனிக்காம விட்டு அஞ்சு வருஷம் கழிச்சு விக்கப் போகும்போது மாட்டிக்கிறவங்க இருக்காங்க. பட்டா மாத்துறதுக்கு, கரண்ட் கனெக்‌ஷன் பேர் மாத்துறதுக்கு யாரு கையெழுத்து போடணும்னும் சேர்த்துடுங்க.

தமிழ்ல எழுதச் சொல்லுங்க. இங்கிலீஷ்ல இருந்தா வரி வரியா படிச்சு தமிழ்ல விளக்கம் கேட்டுட்டு தான் கையெழுத்து. ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துட்டு போய் படிச்சுட்டு வர்றேன்னு கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க.

கையெழுத்து போட்ட அப்புறம்

சென்டர்ல கையெழுத்தானதோட வேலை முடியல. அது கோர்ட்டுக்கு போகும், ஜட்ஜ் ரெண்டு பேரையும் கேட்டு, சம்மதம் நிஜம்தானான்னு பாத்து, அந்த ஒப்பந்தப்படி டிகிரி போடுவாங்க. அந்தத் தேதிக்கு கண்டிப்பா போங்க. இந்த சம்மத டிகிரி மேல அப்பீல் கிடையாது, மனசு மாறிட்டேன்னு சொல்லி தனி கேஸும் போட முடியாது, ஏமாத்தி கையெழுத்து வாங்குனாங்கன்னா அதே கோர்ட்ல தான் போய் கேக்கணும். எதிர் தரப்பு சொன்னபடி நடக்கலைன்னா மறுபடியும் கேஸ் நடத்த வேண்டாம், நேரா ஈ.பி. போடலாம்.

கேஸே போடாம இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. கோர்ட் வளாகத்துலயே இருக்குற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுல, தாலுகால வட்ட சட்டப்பணிகள் குழுல ஒரு வெள்ளைத்தாள்ல மனு எழுதி குடுத்தா எதிர் தரப்ப கூப்பிட்டு பேசுவாங்க, முடிஞ்சா லோக் அதாலத்ல வெச்சு அவார்டா பண்ணிடுவாங்க, அதுவும் டிகிரி மாதிரி தான். மீடியேஷனுக்குன்னு தனிச் சட்டமே 2023ல வந்திருக்கு, சில பிரிவுகள் மட்டும் அந்த அக்டோபர்லயே அமலுக்கு வந்துச்சு, அதனால தனியார் சமரசர் கிட்ட போறதுக்கு முன்னாடி இன்னிக்கு எது அமல்ல இருக்குன்னு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

அப்புறம் கோர்ட் ஃபீஸ். சமரசத்துல முடிஞ்சா நீங்க கட்டுன கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், தமிழ்நாடு கோர்ட் ஃபீஸ் சட்டம் 69ஏ பிரிவு அது. சென்டருக்கே போகாம வெளிய உங்களுக்குள்ளயே பேசி முடிச்சு கோர்ட்ல சொன்னாலும் கிடைக்கும்னு நம்ம சென்னை ஹைகோர்ட்லேர்ந்து போன கேஸ்லயே 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பணம் கேட்டு பெரிய கேஸ் போட்டவங்களுக்கு இது லட்சக்கணக்குல வரும், ஆனா நிறைய பேர் கேக்கவே மாட்டேங்குறாங்க, டிகிரிலயே திருப்பித் தர உத்தரவு போடச் சொல்லி உங்க வக்கீல்கிட்ட ஞாபகப்படுத்துங்க. டிகிரியோட சர்டிஃபைடு காப்பி ரெண்டு செட் அப்ளை பண்ணி வாங்கிடுங்க, ஒண்ணு பட்டா பேங்க் வேலைக்கு, ஒண்ணு பத்திரமா வைக்க.

சமரசம் ஆகலைன்னாலும் ஒண்ணும் இழக்கல, கேஸ் எந்தக் கட்டத்துல நின்னுச்சோ அங்கேர்ந்து தொடரும், ஜட்ஜுக்கு நீங்க உள்ள பேசுனது தெரியாது. சாட்சி விசாரணை முடிஞ்ச அப்புறம், ஏன் அப்பீல் நிலுவைல இருக்கும்போது கூட, ரெண்டு பேருக்கும் மனசு வந்தா "திரும்ப மீடியேஷனுக்கு அனுப்புங்க"ன்னு ஒரு மெமோ போட்டு கேக்கலாம்.